கால்: வெட் ப்ளூ

போன வாரம் பைனாகுலர் உறையைத் தட்டித் துடைத்தபோது, உள்பையிலிருந்து ஒரு தோல் துண்டு விழுந்தது. உள்ளங்கை அகலம்தான். அப்பளம் மாதிரி விறைத்து, ஓரம் சுருண்டு, சாம்பலா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். தரையில் விழுந்தபோது 'டக்' என்று சத்தம் வேறு. தோல் விழுந்தால் சத்தம் வரக் கூடாது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை. ஆனால் இதை ஓர் ஆம்பூர்க்காரி சொன்னால் நீங்கள் நம்பவே கூடாது. தோல் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அந்த வாசனை தெரியாது. ரயிலில் வெளியூர்க்காரர்கள் அவசர அவசரமாக ஜன்னலைச் சாத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று நாங்கள் பையை எடுப்போம்.

அந்தத் துண்டின் பெயர் வெட் ப்ளூ. பச்சைத் தோலைக் குரோம் போட்டுப் பதப்படுத்தினால், சாயம் ஏறுவதற்கு முன்னால் வெளிறிய நீலமாக, சொதசொதவென்று ஈரமாக இருக்கும். அதனால் அந்தப் பெயர். எங்கள் பக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வெட் ப்ளூ என்றால் என்ன நிறம் என்று தெரியும். உலகத்துக்கே தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த வினையே அதில்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேதியியல் பட்டத்தோடு தோலுக்குச் சாயம் ஏற்றும் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் ஷேடு பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாங்குகிற கம்பெனி அனுப்பிய மாதிரித் துண்டையும் எங்கள் தோலையும் வடக்கு ஜன்னல் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஓகே', 'ஒரு பாயிண்ட் டார்க்', 'ஒரு பாயிண்ட் டல்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். நேர் வெயில் கூடாது. டியூப் லைட் கூடவே கூடாது. ஆறு மாதம் இந்த வேலை பார்த்தால் உலகமே ஷேடு அட்டையாகிவிடும். அம்மாவின் சாம்பார் ஒரு பாயிண்ட் டார்க். என்னைப் பெண் பார்க்க வந்தவரின் சட்டையில் காலர் ஒரு லாட் சாயம், கை வேறு லாட். இதை நான் சத்தமாகச் சொன்னதால்தான் அந்தச் சம்பந்தம் நின்றது என்று அம்மா இன்றும் நம்புகிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன், ஆனால் சந்தோஷமாக.

பக்கத்து மேசையில் நஸ்ரீன். என் வயதுதான். வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வந்ததும் முதல் வார்த்தை, "பேஜாரா கீதுடி." கிளம்பும்போது கடைசி வார்த்தையும் அதுவே. இடையில் ஊரையே சிரிக்கவைப்பாள்.

எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய டேனரி, தோல் பதனிடும் ஆலை. எப்போதோ மூடிவிட்டார்கள். அதன் பான் மட்டும் மிச்சமிருந்தது. வெற்றிலை பான் இல்லை, சோலார் பான். தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த உப்பைக் கழுவிய தண்ணீரைச் சிமெண்ட் பாத்திகளில் கணுக்கால் ஆழத்துக்குத் தேக்கி, வெயிலில் காயவிடுவார்கள். ஆலை மூடிய பிறகு அதில் மழைத்தண்ணீர் நின்று, பழைய உப்பு கரைந்து, பூச்சி மொய்த்துக் கிடந்தது. நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும்.

அப்போதுதான் ஃபோனில் ஒரு பறவைச் செயலியை இறக்கி வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் என் பட்டியல்: காகம், மைனா, கொக்கு, தவிட்டுக்குருவி, கழுகு. கழுகு என்று எழுதியது பருந்து என்று பிறகு தெரிந்தது. ஒரு தை மாத மதியம், கையில் சோற்றோடு சுவரை எட்டிப் பார்க்கிறேன், பானின் நடுவில் ஒரு பறவை. கறுப்பும் வெள்ளையும். தலையை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்கியது. மூக்கு தெரியவில்லை. ஆனால் கால் தெரிந்தது. மேகம் மூடிய நேரம், நல்ல வெளிச்சம், நேர் வெயில் இல்லை. அந்தக் கால் வெட் ப்ளூ.

ஃபோனில் படம் எடுத்தேன். ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிகிற சைரன் ஊத, பறவை எழும்பிப் போய்விட்டது.

"பாத்தியா, அதுக்கும் டூட்டி டைம் ஆயிடுச்சு. நட," என்றாள் நஸ்ரீன்.

அன்று மாலையே ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். கறுப்பு வெள்ளையில் நீண்ட கால்காரர்கள் இரண்டு பேர். ஒன்று பவளக்காலி, கால் இளஞ்சிவப்பு, எங்கும் இருப்பது. இன்னொன்று கோணமூக்கு உள்ளான்; மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், கால் நீலம். கடலோரக் கழிகளுக்குக் குளிர்காலத்தில் வருவது. உடனே செயலியில் பதிவிட்டேன். குறிப்பில் ஆங்கிலத்தில், 'பிளாக் அண்ட் ஒயிட். லெக்ஸ் வெட் ப்ளூ' என்று எழுதினேன். இதைவிடத் துல்லியமாக ஒரு நிறத்தை யாராலும் சொல்ல முடியாது என்ற கர்வம் வேறு.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நனைந்த காலில் நிறம் மாறித் தெரியும், இது பவளக்காலியாகவே இருக்கும், கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கோணமூக்கு உள்ளான் அரிது, ஏற்க இயலவில்லை. கீழே பெயர்: கிருபாகரன், பதிவுகளைச் சரிபார்ப்பவர்.

கால் நனைந்திருந்தது என்று இவருக்கு யார் சொன்னது? எனக்குப் புரியவே இல்லை. வேலையில் ஆயிரம் தோலை நான் ரிஜெக்ட் பண்ணியிருக்கிறேன். நான் ரிஜெக்ட் ஆனது அதுதான் முதல் தடவை.

நஸ்ரீனிடம் புலம்பினேன். "அந்தாளு கரெக்டாத்தான் சொல்றாரு. அது செவப்புக் கால்தான். நம்மூர் தண்ணியில நின்னுச்சு, வெட் ப்ளூ ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா ஷூவே ஆயிருக்கும்," என்றாள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றே முடிவு கட்டிவிட்டேன். உண்மையான கோணமூக்கு உள்ளானின் காலை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நான் சொன்ன ஷேடு அதுதான் என்றால், அந்தாள் தன் கையால் ஏற்க வேண்டும். இல்லை என்றால் நானே பதிவை அழித்துவிடுவேன். எங்கள் பின்சுவருக்கு அப்பால் கடல்பறவை வந்தது என்பதை நகைச்சுவைத் துணுக்காக விட்டுவிட எனக்கு மனசில்லை.

அடுத்த வாரமே செயலியில் ஓர் அறிவிப்பு: பழவேற்காட்டுக்கு ஒருநாள் பறவை பார்க்கும் பயணம். வழிகாட்டி, அதே கிருபாகரன். பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். நஸ்ரீன் கூட வந்தால் போ என்றாள் அம்மா.

"நான் வந்தா எனக்கு இன்னா கெடைக்கும்?" என்றாள் நஸ்ரீன்.

"நண்டு."

"எத்தினி மணிக்குடி கெளம்பணும்?"

சனிக்கிழமை மதியம் ரயிலேறி, சென்னையில் என் சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் வேனில் ஏறினோம். என் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஈரத்தோடு இந்த வெட் ப்ளூ துண்டு. மாதிரித் துண்டு இல்லாமல் ஷேடு பார்ப்பது எப்படி?

"பறவ பாக்க எவனாச்சும் லெதர் எட்னு போவானாடி?" என்று நஸ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

வேன் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குத் தங்கள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் டிரைவரிடம், "இன்ஜின்ல எலி ஏதாச்சும் செத்துக் கிடக்குதா பாருங்க," என்றார். எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. நாற்றம் என் பையிலிருந்துதான் என்று தெரிந்தபோது எனக்கு முகம் கறுத்துவிட்டது. இறங்கியதும் முதல் வேலையாகத் துண்டைக் கவரிலிருந்து எடுத்து, காற்றாடட்டும் என்று பை வாரில் ஊக்குப் போட்டுத் தொங்கவிட்டேன்.

கிருபாகரன் ஒல்லியான மனிதர், தொப்பி, எங்களைவிடப் பத்து வயது மூத்திருப்பார். வேனுக்குள்ளேயே குசுகுசுவென்றுதான் பேசினார். நன்றாகச் சொன்னார், அதை மறுப்பதற்கில்லை. ஆலா எப்படித் தலைகுப்புறப் பாயும், கூழைக்கடாக்கள் எப்படி வரிசை கட்டி மீனை மடக்கும் என்று ஒவ்வொன்றாக ஸ்கோப்பில், அந்த ஒற்றைக்கண் தொலைநோக்கியில், பிடித்துக் காட்டினார். தூரத்தில் பூநாரைக் கூட்டம். எல்லோரும் 'ஆகா' என்றார்கள். நான் பழக்க தோஷத்தில், "ஒரே லாட்டுல பத்து ஷேடு இருக்கு," என்று சொல்லிவிட்டேன். நஸ்ரீன், "மொத்தமா ரிஜெக்டு. திருப்பி அனுப்பிடு," என்றாள். கிருபாகரன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

சேற்றோரமாக இரண்டு மணி நேரம் நடந்த பிறகு அவர் கையைத் தூக்கினார். "கோணமூக்கு உள்ளான். பதினஞ்சு இருக்கும். ஒவ்வொருத்தரா வாங்க."

என் முறை வந்தது. நகரவில்லை.

"சார், மேகம் வர்ற வரைக்கும் நிக்கணும்."

"எதுக்குங்க?"

"நேர் வெயில்ல ஷேடு பாக்கக் கூடாது சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சொல்லிவிட்டேன்: "ஆம்பூர் பதிவு ஒண்ணு ரிஜெக்ட் பண்ணீங்களே, அது நான்தான். கால் என்ன நிறம்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் தன் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். அதற்காக அவரை அப்போதே பாதி மன்னித்துவிட்டேன். சூரியனுக்கு ஒரு துண்டு மேகம் மறைப்புக் கட்டியது. வலக்கண் ஸ்கோப்பில், இடக்கண்ணுக்கு எதிரில், நீட்டிய கையில், தோல் துண்டு. அந்த மூக்கு, யாரோ சீவி மேலே வளைத்துவிட்ட ஊசி மாதிரி. கால் நீலம்தான். மங்கிய நீலம். கையில் இருந்தது அதைவிட வெளிறி, சாம்பல் தட்டி இருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேலையில் பொய் சொன்னதில்லை. அங்கே எப்படிச் சொல்வேன்?

"மேட்ச் ஆகல சார்," என்றேன். "நான் தப்பாப் பாத்திருக்கேன்." ஃபோனை எடுத்துப் பதிவை அழிக்கப் போனேன்.

"ஏய் லூசு!" குசுகுசு கலாச்சாரமெல்லாம் நஸ்ரீனுக்குக் கிடையாது. பாதிப் பறவைகள் எழும்பிவிட்டன. "கையில வெச்சிருக்கியே, அது வெட் ப்ளூவாடி? காலையிலேர்ந்து காத்துல தொங்கவுட்டு மேல காஞ்சே போச்சு. ஈரம் கம்மியானா வெளுக்கும்னு எனக்கு நீதானே சொல்லிக் குடுத்த?"

துண்டைப் பிடுங்கி, கழித் தண்ணீரில் இரண்டு முறை முக்கி, ஒரு பிழி பிழிந்து, என் கையில் அடித்தாள்.

குனிந்தேன். எழும்பாமல் மிச்சமிருந்தவை ஏழெட்டு. வலக்கண்ணில் கால், இடக்கண்ணில் தோல். இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியவில்லை.

"ஓகே," என்றேன். அலுவலகத்தில் சொல்கிற அதே குரலில்.

கிருபாகரன் தோலை வாங்கித் தானும் அதேபோல் ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அப்ப வெட் ப்ளூன்னா..." என்று இழுத்தார், "காலு ஈரமா இருந்துச்சுன்னு நீங்க எழுதலையா?"

"அது தோலோட பேரு சார்!" என்று நானும் நஸ்ரீனும் ஒரே நேரத்தில் கத்தினோம். மிச்சம் நின்ற பறவைகளும் போய்விட்டன.

சிரித்து முடித்த பிறகு, "சரி, ஆம்பூர்ல எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.

"பான்ல."

"வெத்தலக் கடையிலயா?"

விளக்கினேன். கணுக்கால் தண்ணீர், அடியில் உப்பு, பூச்சி. சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. முன்னால் கிடந்த கழியும் அப்படித்தான் இருந்தது; ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளூர்ல உப்புத்தண்ணி கெடச்சா அது ஏன் எறங்காது?" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே.

நஸ்ரீனுக்கு நண்டு கிடைத்தது. கிருபாகரன் இரண்டு வாரம் கழித்து ரயிலேறி ஆம்பூர் வந்தார். பான் பாதி வற்றியிருந்தது, பறவை இல்லை. சுவர்மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார், இறங்கிப்போய் உப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார். அன்றே பதிவு ஏற்கப்பட்டது. குறிப்பில் அவர் எழுதியது: 'கால் நிறம் தோல் துண்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' இப்படியொரு குறிப்பு வேறு எந்தப் பறவைக்கும் இருக்காது.

அதற்கடுத்த தை மாதம் பான் பாத்திகளை இடித்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பழைய உப்பை வாரியது ஊருக்கு நல்லதுதான். இப்போது அங்கே தகரக் கூரை போட்ட கிடங்கு. நஸ்ரீன் கல்யாணமாகி ராணிப்பேட்டைக்குப் போய், அங்கே ஒரு லேபில் இருக்கிறாள். எங்கள் யூனிட்டில் ஷேடு பார்க்க மெஷின் வந்துவிட்டது. வடக்கு ஜன்னலை அட்டைப் பெட்டி அடுக்கி மறைத்துவிட்டார்கள். செயலியின் வரைபடத்தில் மட்டும் கிடங்கின் கூரைமேல் ஒரு புள்ளி இருக்கிறது. தொட்டால், கோணமூக்கு உள்ளான், ஒன்று, என்று வரும்.

நான் விடவில்லை. பாலாற்றங்கரையில் எங்கே வெள்ளையாகப் பூத்த தரை தெரிந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறேன். ஒவ்வொரு தையிலும் ஞாயிறு தவறாமல். இதுவரை பவளக்காலிதான். இந்த ஞாயிறும் போகிறேன்; அதற்காகத்தான் உறையைத் துடைத்தது, துண்டு விழுந்தது.

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதைப் போட்டேன். மிதந்தது. நஸ்ரீனுக்கு ஃபோன் போட்டேன்.

"முழுசாக் காஞ்ச வெட் ப்ளூ திரும்ப ஊறாதுடி. தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"பின்ன இன்னாத்துக்குப் போட்ட?"

"மிதக்குது," என்றேன். "மேல கல்லு வெச்சு அமுக்கி வை," என்றாள்.

வைத்திருக்கிறேன். நாலு நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் கல்லை எடுத்துப் பார்க்கிறேன், மேலே வந்துவிடுகிறது. திரும்ப வைக்கிறேன்.