மேடு பள்ளம்

பந்தயப் படகு இன்ஜினைத் திருத்தி வேகம் ஏற்றுவதில், எல்லோரும் பசைக்காரர் என்று கூப்பிடும் அவரை அடிக்க அந்தப் படகுத்துறையில் ஆளே இல்லை. இன்ஜினில் தண்ணீருக்குள் ஓடும் அடிப்பாகத்தின் மூக்கை, தண்ணீரைக் கிழித்துப் போகும்படி எபாக்ஸிப் பசை பூசிக் கூராக்குவார். அவசரக்காரர்கள் ஐந்தே நிமிடத்தில் இறுகும் பசையை நீட்டினால் எரிந்து விழுவார்.

"சீக்கிரம் இறுகுறது சீக்கிரமே கழண்டுக்கும்யா. எடுத்துட்டுப் போ!"

அலுமினியத்தை உப்புத்தாளால் தேய்த்த கையோடு, காற்றுப் பட்டு அது மங்குவதற்குள், மெதுவாக இறுகும் பசையை வெறுங்கையால் அழுத்தித் தேய்ப்பார். கையுறை என்றாலே அவருக்கு ஆகாது. "அதைப் போட்டா மேடு பள்ளம் தெரியாது" என்பார்.

பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. சில நாளில் முகமே வீங்கிக் கண் மூடிக்கொண்டது. ஜென்மத்துக்கும் இனி அந்தப் பசை பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது பட்டறைக்குள் மனைவி பூசுகிறாள். இவர் தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கத்துகிறார். அவள் வேலை இவர் வேலையைவிட வழவழப்பு. அதிலும் அவருக்கு வயிற்றெரிச்சல்.

நேற்று சாயங்காலம் முடித்த வேலையை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். தள்ளி நின்றபடியே பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராட்ட வாயெடுத்தபோதுதான், அவர் வாங்கிக் கொடுத்த கையுறைப் பெட்டி பிரிக்காமலே கிடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"ஏன்டி போடல?"

"அதைப் போட்டா மேடு பள்ளம் தெரியாதுங்க" என்றாள், விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே.