கட்டம் போட்ட கம்பு அடை

நாத்தனார் அந்தச் சாமானை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளி வீட்டில் அவள் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே கழித்துப் போடும் எதையும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இந்தத் தடவை சிவப்பு நிறத்தில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கரண்ட் சாமான். மூடியைத் தூக்கினால் மேலும் கீழும் கட்டம் கட்டமாகப் பள்ளம்.

"வாஃபிள் மிசினு மதினி. மொதலாளி மருமக பெருசா ஒண்ணு வாங்கிட்டாக, இது சும்மா கெடந்துச்சு. மாவ ஊத்தி மூடுனா தன்னால வெந்துரும்."

"அவுக இதுல என்னத்தச் சுடுவாக?"

"மைதாவும் முட்டையும் அடிச்சு இனிப்பாச் சுடுவாக. பிள்ளைக அதுமேல சாக்லேட்ட ஊத்தித் திங்கும்."

"எங்க வீட்டுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று அதை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய அண்ணனைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவர். போன வருஷம் கோடையில் அந்த அறை வெடித்தது. கூட இருந்தவர் அங்கேயே போய்விட்டார். இவர் மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து உயிரோடு வந்தார். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடது கையில் விரல்கள் இருக்கின்றன, மடங்காது. தோல் வழவழவென்று ஆகிவிட்டதால் எதை எடுத்தாலும் நழுவும்.

நான் பிசைந்து ஊட்டுவேன். நாலு வாய்க்குள் "போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயிறு நிறைந்து அல்ல, வெட்கத்தில். கையில் துணியைச் சுற்றிக் கரண்டியைக் கட்டிப் பார்த்தோம். அது திரும்பிக்கொண்டு மடியில் கொட்டியது. இட்லி உதிர்ந்துவிடும். தோசையைச் சுருட்டிக் கொடுத்தால் துவண்டு தொங்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே, நான் ஊட்டுவதை டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்துவிட்டு "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது. இப்படியே பட்டினி கிடந்து செத்துப்போய்விடுவாரோ என்று பயந்தேன். அதை வெளியே சொல்லத் தெரியாமல் கரண்டியைப் பாத்திரத்தில் அடித்து அடித்துச் சமைத்தேன்.

ஒருநாள் சிலிண்டர் தீர்ந்துபோனது. அலமாரிக்கு மேலே இருந்ததை இறக்கினேன். அடுப்படியில் சுவிட்ச் வேலை செய்யவில்லை. டிவியைப் பிடுங்கிவிட்டு முன்னறையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு மணையில் வைத்தேன். வெடிக்குப் பிறகு அவர் அடுப்படிக்குள் வந்ததில்லை. நான் லைட்டரைத் தட்டினாலே வாசலுக்குப் போய்விடுவார். இதில் தீ இல்லை என்பதால் அசையாமல் இருந்தார்.

தோசை மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊற்றினேன். ஓரமெல்லாம் வழிந்தது. ஆவி வந்துகொண்டிருக்கும்போதே எனக்குப் பொறுக்கவில்லை, மூடியைத் தூக்கிவிட்டேன். பாதி மேலேயும் பாதி கீழேயுமாக ஒட்டிக்கொண்டு கிழிந்தது. சுரண்டி எடுத்துத் திரும்ப ஊற்றினேன். இந்த முறை வெந்தது, ஆனால் ரப்பர் மாதிரி வளைந்தது. மிசினையும் அதைக் கொடுத்தவளையும் சேர்த்து வைதேன்.

மல்லாங்கிணற்றிலிருந்து என் அம்மா கொடுத்துவிட்ட கம்பு வீட்டில் இருந்தது. மறுநாள் அதை ஊறவைத்து, கடலைப்பருப்பும் கொஞ்சம் அரிசியும் மிளகாய் வற்றலும் சேர்த்து அடைக்கு அரைக்கிற மாதிரி கெட்டியாக அரைத்தேன். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பள்ளங்களில் நல்லெண்ணெய் தடவி, ஒரு கரண்டி வைத்து மூடினேன். ஆவி புசுபுசுவென்று வந்தது. மூடியில் கை வைத்தேன்.

"பொறு" என்றார் கட்டிலிலிருந்து. "ஆவி நிக்கட்டும்."

நின்றதும் திறந்தேன். சிவந்து மொறுமொறுவென்று, கட்டம் கலையாமல், தனியாகக் கழன்று வந்தது. சட்னி வைத்தால் வழியும் என்று இட்லிப் பொடியை எண்ணெயில் குழைத்து அந்தக் குழிகளில் அப்பினேன். பிய்த்து ஊட்டலாம் என்று நான் உட்காருவதற்குள் அவர் இரண்டு கைகளையும் நீட்டி அதைத் தூக்கிவிட்டார். ஓரத்து மேடுபள்ளம் கைக்குப் பிடிமானமாக இருந்திருக்கிறது. நழுவவில்லை. துவளவில்லை. பொடி குழிக்குள்ளேயே கிடந்தது. ரொட்டியைக் கடிப்பதுபோல் கடித்தார்.

"இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

நான் மாவை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுதேன். அத்தனை மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் சாப்பாடு.

அதற்குப்பின் தினமும் அதுதான். கேழ்வரகில் சுட்டேன், முருங்கைக்கீரை போட்டுச் சுட்டேன், பழைய சோற்றைக்கூட அரைத்துச் சேர்த்தேன். நாத்தனார் வந்தபோது அவள் முன்னாலேயே இரண்டு தின்றார். "எங்க மொதலாளி வீட்ல கூட இம்புட்டு வகை கெடையாது மதினி" என்றாள் அவள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் ஒட்டுகிற வேலையில் இருந்தேன். இவரைப் பார்த்துக்கொள்ள நின்றதும் அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கம்பெனி கொடுத்த பணம் ஆஸ்பத்திரியோடு தீர்ந்தது. தீபாவளி சீசனுக்குப் பட்டாசுக் கம்பெனிகளில் ஆள் கேட்டு வராத நாள் இல்லை. வந்தவர்களிடமெல்லாம், மத்தியானம் இவருக்கு யார் ஊட்டுவது என்று சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. ஆனால் பயம்தான் அதைவிடப் பெரிய காரணம். "இந்த வீட்ல ஒரு ஆளு போனது போதும்" என்று இவரும் அப்போது சொல்லியிருந்தார்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆறிப்போனாலும் இது நல்லாத்தான் இருக்கு. காலைல சுட்டு மூடி வச்சிட்டா, மத்தியானம் நானே எடுத்துக்கிடுவேன்."

"நான் எங்க போறேன்?"

"புதுப்பட்டிக் கம்பெனி வேன் நம்ம தெருவுக்குத்தான வருது."

அந்த மிசினைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டும்போல் இருந்தது. அரிசி டப்பா காலி என்று அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நான் வைத்திருந்த ஒரே காரணத்தை நானே சுட்டுச் சுட்டுத் தீர்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வேனில் ஏறினேன். எம். புதுப்பட்டியில் எனக்குப் பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை. பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் இருப்பார்கள்.

சாயங்காலம் வரும்போது தட்டு காலியாக இருக்கிறது. உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது. வேன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்கிறார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "கையக் காட்டு" என்கிறார். நான் இரண்டு கைகளையும் நீட்டுகிறேன். தன்னுடைய கைகளால் அவற்றைத் தாங்கி, உள்ளங்கையைப் பார்க்கிறார், திருப்பிப் புறங்கையைப் பார்க்கிறார், விரல் விரலாகப் பார்க்கிறார். பிறகு "சரி, போய்க் குளி" என்கிறார்.