மேல்மடைக்காரருக்கு வைத்த சாட்சி

பிள்ளைகளா, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஏரியலைப் பற்றி நீங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லுகிறீர்கள். வயலுக்கு வருகிற தண்ணீரை வீட்டிலிருந்தே பார்க்க எங்கள் அப்பா செய்தது, அவருக்கு விஞ்ஞானத்தில் அவ்வளவு ஆசை என்று. ஆசையெல்லாம் இல்லை. ஒரு மனிதரை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கவேண்டும் என்றுதான் அதைச் செய்தேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் பொய் இருக்காது.

அந்த வருஷம் பிசான நெல் சாகுபடிக்கு மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் குறைவு என்று நம் வாய்க்காலில் முறை வைத்தார்கள். நமக்குச் செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்து உச்சி வரை. அந்த நேரம் மேலே உள்ள மடைகள் எல்லாம் பலகை போட்டு அடைத்திருக்க வேண்டும். நான் காலையில் நம் மடையைத் திறந்துவிட்டு, வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறி, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி வயல்தான் நனைந்திருக்கும். நமக்கு அடுத்து மேலே உள்ள மடை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். மேல்மடைக்காரர் என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுவதும் உங்களுக்காகத்தான்.

லீவு போட்டுக் காவல் நின்றால் அன்றைக்குத் தண்ணீர் ஒழுங்காக வரும். நிற்காத வாரம் குறையும். அதனால் புகார் சொன்னேன். நம் வாய்க்காலில் தண்ணீர்ப் புகார் சொல்லுகிறவனும் சொல்லப்பட்டவனும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிற தண்ணீரில் இறங்கி நின்றுதான் பேசவேண்டும். சொந்தக்காரன் அல்லாத ஒரு சாட்சி வேண்டும். சாட்சி இல்லையென்றால், கைநிறையத் தண்ணீர் அள்ளி, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கீழே விடவேண்டும்.

எனக்குச் சாட்சி இல்லை. வாய்க்கால் தலைவர் அண்ணாச்சி கரையில் நின்றார். மேல்மடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஒனக்கு மணல்பாங்கான நெலம்லே. விடுத தண்ணியெல்லாம் அதுவே குடிச்சிருது. கம்பி சுத்துதவனுக்கு வெவசாயம் எதுக்குங்கேன்?”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தண்ணீரை அள்ளி, சொல்லைத் திரும்ப வாங்கினேன். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

கேமரா வைக்கலாம் என்று கடையில் ஒருவர் சொன்னார். வாய்க்கால் கரையில் கரண்டு ஏது? கேமராவைக் கண்டால் அவர் கையை வைப்பாரா? அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். லோரா என்று ஒரு ரேடியோ. டார்ச் லைட்டுக்கு ஆகிற கரண்டில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். தூங்கிக்கொண்டே இருக்கும். நேரம் வந்தால் விழித்து, தண்ணீர் எத்தனை விரல் நிற்கிறது என்று அளந்து, ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கும். ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். அது சொல்லுவதைக் கேட்டு நேரத்தோடு குறித்துவைக்க, வீட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை போதும்.

எல்லாவற்றையும் தபாலில் வரவழைத்தேன். வீடியோவில் பேசுவது இங்கிலீஷ். எனக்குப் பேச்சு புரியாது, கை புரியும். அவர்கள் கை எங்கே போகிறதோ அங்கே என் கையையும் கொண்டுபோனேன். உங்களிடம் கேட்டிருந்தால் படித்துச் சொல்லியிருப்பீர்கள். எதற்கு அப்பா என்றும் கேட்டிருப்பீர்கள்.

ஏரியலை மாட்டாமல் கரண்டு கொடுத்து முதல் ரேடியோவைக் கெடுத்தேன். அடுத்து வாங்கியதும் கம்ப்யூட்டர் பலகையில் இருந்ததும் வேறு வேறு அலைவரிசை. மூன்று வாரம் ஒன்று பேசியது, மற்றது கேட்கவே இல்லை. அது சரியான பிறகும் பலகை ஊமையாக இருந்தது. ரேடியோவும் பலகையும் பேசிக்கொள்கிற வழி வாங்கும்போது அடைத்தே வருமாம். அமைப்புக்குள் போய் நாம்தான் திறக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நாள். பிறகு இடையில் உள்ள வாழைத்தோப்பு சிக்னலைக் குடித்தது. ஏரியலை மாடிக்கு ஏற்றினேன். ஒவ்வொரு தடவை தூக்கி எறியத் தோன்றும்போதும் அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன். கை தானாக மறுபடியும் ஸ்குரூ டிரைவரை எடுக்கும்.

இரண்டு பிளாஸ்டிக் குழாய்க்குள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் அளக்கிற கருவியும் ரேடியோவும் வைத்து, ஒன்றை அவர் மடைக்கு மேலேயும் ஒன்றைக் கீழேயும் நட்டேன். மேலே தண்ணீர் நிற்க, கீழே மட்டும் குறைந்தால், நடுவில் இருக்கிற மடை ஒன்றே ஒன்றுதான். அவரே வந்து, குழாய்க்குள்ள என்ன வளக்கீரு என்று கேலியாகக் கேட்டார். மழை அளக்க என்றேன்.

இங்கேதான் என் ஆத்திரம் என்னையே கெடுத்தது. தூங்கவிட்டால் அந்த நேரத்தில் அவர் திருடிவிடுவார் என்று பயந்து, ஐந்து நொடிக்கு ஒரு தடவை பேசும்படி வைத்தேன். பத்தாம் நாள், சரியாக நம் முறை அன்றைக்கு, இரண்டு பேட்டரியும் செத்துக் கிடந்தன. அன்று மேல்பாதி வயல் ஒரு சொட்டுப் பார்க்கவில்லை. கதிர் வெளிவருகிற நேரம். அதற்குப் பிறகுதான் அடங்கினேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போதும் என்று வைத்தேன். நம் மூன்று முறை நாளிலும் கீழே குறைந்த நேரங்களை எழுத மூன்று தாள் நிறைந்தது.

மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். தாளைக் காட்டினேன். மேல்மடைக்காரர் தாளை வாங்கக்கூட இல்லை.

“சொந்தக்காரஞ் சாட்சி செல்லாதுல்லா அண்ணாச்சி? இது இவன் பெத்த மிசினு. அப்பனுக்குத்தான பேசும்.”

இந்தத் தடவையும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி வே. அடுத்த செவ்வாக்கெழம மேல்மடைப் பலகைய நானே தூக்குவேன். எப்பம், எவ்வளவு நேரம்னு ஒருத்தங்கிட்டயும் சொல்லமாட்டேன். சாயங்காலம் இங்கனயே நின்னு இவரு மிசினு சொல்லட்டும்” என்றார்.

அந்தச் செவ்வாய் சாயங்காலம் கூட்டம் அதிகம். நான் தண்ணீரில் நின்று தாளை வாசித்தேன். எட்டேகாலுக்குக் கீழே குறைந்தது, எட்டே முக்காலுக்குச் சரியானது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். மறுபடியும் பதினொன்றுக்குக் குறைந்தது, உச்சி வரை ஏறவில்லை என்று வாசித்தேன்.

அண்ணாச்சி தலை ஆடவில்லை.

“காலைல தூக்குனது நாந்தாம். பதினோரு மணிக்கு நான் சேரன்மகாதேவில பேங்குல நிக்கேன்” என்றார்.

தான் தண்ணீர் எடுத்தாலும் அண்ணாச்சி கணக்கில் போய்விடும் என்று மேல்மடைக்காரர் நினைத்திருக்கிறார். ஒரு நாள் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பார். மேல்மடைக்காரர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் கதிரு பால் புடிக்குத நேரம்லா” என்றார். உங்களுக்கு அவர் மேல் இரக்கம் வரலாம். எனக்கு வரவில்லை. தண்ணீரை அள்ளி, சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கும்போது, கரையில் நின்ற எல்லோரும் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன். பார்த்தார்கள். அவருக்கு ஒரு முறை தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பானது.

நமக்குக் கீழ்பாதி தேறியது. மேல்பாதி முக்கால்வாசிப் பதர். தீர்ப்பு அதைத் திருப்பித் தரவில்லை.

இதுவரை ஊருக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது யாருக்கும் தெரியாது. அவருக்குத் தண்ணீர் இல்லாத அந்த நாள், மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு வந்து, அவர் வயலைப் பார்க்கத் தனியாகப் போனேன். யாரும் இல்லை. மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மடைப் பலகை போட்டுத்தான் இருந்தது. ஆனால் பலகையின் ஓரத்தில் ஒரு சந்து. அது வழியாக நூல்போலத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதல் வரிசைப் பயிர் ஏழெட்டுக்கு வேர் நனையும், அவ்வளவுதான். அவர் வைத்த சந்து இல்லை, மரம் பழசாகி விழுந்தது.

நான் உட்கார்ந்து, வாய்க்காலுக்குள் கையை விட்டு ஒரு பிடி களிமண் எடுத்து, அந்தச் சந்தில் வைத்து, தண்ணீர் நிற்கும்வரை கட்டைவிரலால் அமுக்கினேன்.