அக்கா மூடிய சொட்டு

பக்கத்து அறையிலிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது, கிளம்பியது நிற்கவேயில்லை. எடை பார்க்கும் அறையில் தராசின் முன் உட்கார்ந்திருந்த தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். பக்கத்து அறையில் சோதனை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அக்கா தனியாக இருந்தாள்.

அக்காவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. உலோக மூட்டு வைக்கச் சம்மதமா என்று டாக்டருக்கு இன்று சொல்லியாக வேண்டும். இரண்டு முறை சரியென்று சொல்லிக் கடைசி நேரத்தில் பின்வாங்கியவள், “உன் மெஷினைக் கண்ணால பார்த்தாதான் நம்புவேன்” என்று ஊன்றுகோலோடு வந்து நின்றாள்.

மூட்டுக்கு வைக்கும் உலோகம் எவ்வளவு தேய்கிறது என்று சோதிப்பதுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தங்கைக்கு வேலை. சுழலும் உலோகத் தட்டின் மேல் உலோகக் குண்டை அழுத்தி வைப்பாள். மூட்டில் ஊறும் நீருக்குப் பதிலாக, கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர், மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழும். உராய்வை இயந்திரம் சொல்லும். தேய்மானத்தைத் தராசு சொல்லும். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் தன்னை இறக்கிவிடாமல் சுமந்த அக்காவின் இடுப்பு தேய்ந்த கணக்கை மட்டும் எந்தத் தராசில் நிறுப்பாள்?

எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினாள். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை.

“அடியே, இதையா எனக்குள்ள வைக்கப் போறாங்க? நான் நடந்தா தெருவே திரும்பிப் பார்க்குமே!”

தங்கை இயந்திரத்தை நிறுத்தினாள். தட்டு காய்ந்து, கீறல் விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பாட்டிலில் நீர் இருந்தது. குழாயின் திருகு இறுக மூடியிருந்தது.

“இதை யாரு மூடினது?”

“நான்தான். சும்மா சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு...”

வீட்டில் அக்காவுக்குத் ‘தண்ணி மந்திரி’ என்று பெயர். ஒழுகும் குழாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. வந்ததும் வராததுமாக இங்கே கை கழுவும் குழாயையும் இறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

“ஒரு வாரமா ஓடினது பாழ், மந்திரி! மேலதிகாரிகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“நான் மூடினேன்னே சொல்லு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம், அந்த இரும்பைப் போய்த் திட்டிட்டேன்.” அக்காவின் குரல் இறங்கியது. “எனக்குள்ள யாருடி சொட்டு விடுவா?”

“மூட்டுக்கு வேண்டிய நீரை உன் உடம்பே ஊற வைக்கும். அதுக்குத் திருகு கிடையாது, உன்னால மூட முடியாது.”

“தேயாதுல்ல?”

‘தேயாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை.

“தேயும்க்கா. கொஞ்சம் கொஞ்சமா. தேயாத உலோகத்தை நான் இன்னும் பார்க்கலை.”

“கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையா?”

“கட்டெறும்பாக ரொம்ப வருஷம் ஆகும். அதுவரைக்கும் நட.”

அக்கா சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. “தேயவே தேயாதுன்னு நீ சொல்லியிருந்தா, இப்பவும் ஓடியிருப்பேன்.” கைப்பேசியை எடுத்து டாக்டரிடம் சரியென்றாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

தங்கை புதுத் தட்டை மாட்டித் திருகைத் திறந்தாள். சொட்டு விழுந்தது. அதைக் கடந்து போகையில் அக்காவின் கை தானாக எழுந்தது.

“அக்கா!”

“தொடலைடி, தொடலை!”

ஊன்றுகோல் டொக் டொக்கென்று வாசலைத் தாண்டியது. கதவு சாத்திக்கொண்டது.