விளக்கு வைப்பதற்குள் பத்தாயிரம் கிலோமீட்டர்

என் மகளுக்குக் காது குத்துவதென்றால் அது என் தம்பியின் மடியில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பாவும் அம்மாவும் போனபின், பிறந்த வீடென்று எனக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அவனோ லண்டனில். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பறப்பதற்கே பதிமூன்று மணி நேரம்.

கணக்குப் போட்டவர் என் கணவர். லாரி ஓட்டுகிறவர், தூரம், நேரம் என்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் காலை பத்துக்கு இறங்கிவிடுவான், விமான நிலையத்திலிருந்து நம் ஊர் மலாக்கா ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி, கடலோரத் தஞ்சோங் கிளிங் கோயிலில் பகல் பன்னிரண்டுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு வந்தார். லண்டனில் இரவு ஒன்பது என்றால் இங்கே விடிகாலை நாலு என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

விசேஷத்தன்று எழுந்து கைபேசியைப் பார்த்தால் தம்பியின் செய்தி: விமானம் ஏறிவிட்டானாம், சாயங்காலம் ஐந்துக்கு இறங்குவானாம். கணவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

சொந்தபந்தங்கள் வந்து சாப்பிட்டும் ஆயிற்று. குழந்தையின் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று மாமியார் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. மாலையிலும் நல்ல நேரம் இருக்கிறது என்று குருக்கள் இரங்கினார். காது குத்த வந்திருந்த பத்தர் மட்டும் கறாராகச் சொன்னார்:

“விளக்கு வெச்சிட்டா நான் ஊசியத் தொட மாட்டேன்லா. பாத்துக்கோம்மா.”

கணவர் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். நான் கோயில் தூணில் சாய்ந்து, கைபேசி வரைபடத்தில் எறும்பளவு நகர்ந்த தம்பியின் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இந்தியாவைத் தாண்டி வங்கக் கடலுக்குள் நுழைந்தது. எங்கள் பூட்டன் கப்பலின் அடித்தட்டில் வாந்தியெடுத்தபடி நாள் கணக்கில் கடந்த கடல். கரை சேர்ந்து, ரப்பர் தோட்டத்துக்குள் போனவர் ஊர் திரும்பவே இல்லை. அதே கடலை என் தம்பி உட்கார்ந்த இடத்திலேயே தாண்டிக்கொண்டிருந்தான். அவன் தூங்கிக்கொண்டுகூட இருந்திருப்பான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் அந்த எறும்பைக் காட்டினேன்.

கார் வந்து நின்றபோது சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. கசங்கிய சுவெட்டரோடு இறங்கி ஓடிவந்த தம்பி, காலைக் கழுவிவிட்டு நேரே மணையில் உட்கார்ந்தான். கைபேசியில் மட்டுமே அவனைப் பார்த்திருந்த குழந்தை, மடியில் வைத்ததும் அவன் முகத்தையே பார்த்தது. பத்தர் தாமதிக்கவில்லை.

ஊசி இறங்கியதும் அலறினாள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். என்னிடம் வரவில்லை. அன்றுதான் முதன்முதலாகத் தொட்ட மாமனின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.