எதிரணியின் பதினோராம் எண்

நம் பெண்கள் கால்பந்து அணி எப்படி இவ்வளவு பெரிய அணியாக ஒன்றுசேர்ந்தது என்று டிவியில் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே குடும்பமாக இருந்தோம் என்பார்கள். ஒருவருக்காக ஒருவர் ஓடினோம் என்பார்கள். அந்த நாற்பது நாளும் நானும் அங்கேதான் இருந்தேன். அணி எப்படிச் சேர்ந்தது என்று என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தபோது பூந்தமல்லி பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் முத்தாபுதுப்பேட்டையில் பையன்களோடு ஆடிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு ஓடுவேன். நான் இடது ஓரத்தில் ஆடுகிறவள். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். பந்தைக் கோட்டோரமாகவே தள்ளிக்கொண்டு ஓடி, இடது காலால் கோல் வாசலுக்கு முன்னால் தூக்கிப் போடுவேன். என்னைத் துரத்துகிற பையன்களுக்கு நாக்கு தள்ளிவிடும். சூப்பர்வைசர் நாற்பது நாள் லீவெல்லாம் கிடையாது என்றார். வேலையை விட்டுவிட்டேன். அம்மா கோவில்பதாகையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். "எம்பொண்ணு இந்தியாவுக்கு ஆடப் போவுது."

முகாமில் முப்பத்தைந்து பேர். போட்டிக்குப் போவது இருபத்து மூன்று பேர். நான்காம் நாள் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு லேப்டாப்பில் ஒரு பெண்ணைக் காட்டினார். முதல் ஆட்டத்தில் நாம் சந்திக்கப்போகும் நாட்டின் பதினோராம் எண். அவளும் இடது ஓரம்தான், ஆனால் வலது கால்காரி. கோட்டோரம் போகவே மாட்டாள். உள்ளங்காலால் பந்தை இழுத்து, உள்பக்கம் திரும்பி, வலது காலால் கோலுக்கு அடிப்பாள். "இனி நீதான் இவள்" என்றார் இந்தியில். "கோட்டோரம் போகாதே. இடது காலை மறந்துவிடு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மடச்சி!

இப்படித்தான் அந்த அணி கட்டப்பட்டது. பன்னிரண்டு பேருக்கு ஆரஞ்சு பனியன் மாட்டிவிட்டார்கள். நாங்கள்தான் எதிரணி. அவர்களுடைய நெட்டையான தடுப்பாட்டக்காரியாக ஒருத்தி, நடுவரிடம் சண்டை போடும் கேப்டனாக ஒருத்தி. எங்களை அடித்து அடித்துத்தான் மற்றவர்கள் ஓர் அணி ஆனார்கள்.

என்னைத் தடுக்க வேண்டியவள் என் அறைத் தோழி. மணிப்பூர் மலைப்பக்கத்துப் பெண். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது இந்தி வார்த்தை தெரிந்தால் அதிகம். முதல் வாரம் நான் உள்ளே திரும்பும்போதெல்லாம் அவள் பின்பக்கம் தரையில் பட உட்காருவாள். பார்க்கப் பாவமாக இருந்தது. மதிய ஓய்வில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே சுருட்டிய காலுறையை உருட்டி நானே சைகையில் சொல்லிக்கொடுத்தேன். பந்தைப் பார்க்காதே, என் இடுப்பைப் பார், திரும்புவதற்கு முன் அது காட்டிக்கொடுத்துவிடும் என்று. ஐந்தாவது வாரம் அவளைத் தாண்டி ஓர் அடி என்னால் போக முடியவில்லை. பயிற்சியாளர் கை தட்டினார், அவளுக்கு.

தேர்வாளர்கள் ஃபைலும் கையுமாக வந்து உட்கார்ந்த நாள். என் இடது காலுக்குப் பந்து வந்தது, கோட்டோரம் வெறிச்சென்று கிடந்தது. என்னையறியாமல் ஓடிவிட்டேன். தூக்கிப் போட்டேன், ஆரஞ்சு பனியன் ஒருத்தி தலையால் முட்டினாள், கோல். உடனே விசில். "அவள் அப்படிப் போகமாட்டாள்! திரும்ப ஆடு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கோல் செல்லாது. நான் தலையாட்டிவிட்டு மீண்டும் அந்தப் பதினோராம் எண் ஆனேன். அன்றைக்குத் தலையாட்டியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பட்டியலைச் சாப்பாட்டு அறையில் வாசித்தார்கள். தோழியின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. இல்லாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார்கள். ஒரு தேர்வாளர் எனக்கான தாளை எடுத்துப் படித்தார். "கோட்டோரம் போவதில்லை. இடது கால் பலவீனம்." கீழே பயிற்சியாளரின் கையெழுத்து. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அப்படி ஆடச் சொன்னேன் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி ஒரு சொல்லும் வரவில்லை. "நீதான சார் அப்டி ஆடச் சொன்ன?" என்று தமிழில் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "ஒன் எடது காலு வீக்கா? எவன்டி சொன்னது? கண்ணு அவிஞ்சவனா அவன்?"

முதல் ஆட்டத்தை வீட்டில்தான் பார்த்தேன். பதினோராம் எண் பந்தை இழுத்தாள், இடுப்பைத் திருப்பினாள், அங்கே என் தோழியின் கால் தயாராகக் காத்திருந்தது. ஆட்டம் முழுக்க அதே கதை. ஒரு கோலில் ஜெயித்தோம். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். தோழி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அந்தப் பதினோராம் எண் மெதுவாக ஓடுகிறாள், நீதான் வேகம் என்று தெரிந்த இந்தியில் சொல்லிச் சிரித்தாள். நான் பதில் போடவில்லை. அவள் மேல் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவள் மேலும் கோபம்தான்.

நான்கு மாதம் கழித்து மாநில சங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அடுத்த போட்டிக்கு முகாமாம்.

"இந்தத் தடவை எதிர் டீம்ல ஒரு பொண்ணு கோட்டோரமாவே போறாளாம்மா, இடது கால்ல. கோச் உன்னைத்தான் கேட்டாரு. உன் மாதிரி இடது கால் நாட்டுலயே யாருக்கும் கிடையாதுன்னாரு."

அப்படியென்றால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அந்த ஆளுக்குத் தெரியும்.

"லிஸ்ட்ல என் பேர் வருமா சார்?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல நீ வாம்மா."

"என் இடது கால் வீக்கு சார். அவரு கையெழுத்துப் போட்டு வெச்சிக்கிறாரு, எடுத்துப் படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்ட" என்றாள்.

நாளைக்கே அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் ஆரஞ்சு பனியனை வாங்கி மாட்டிக்கொண்டு நான் ஓடுவேன், கோட்டோரமாக, இடது காலால். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்கள் மேல் இருப்பதைவிட இதற்காக என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.