முங்கினவன் மலை ஏறக் கூடாதாம்

கொடைக்கானலில் எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு நிரந்தர இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. தற்காலிகமாக வேலை பார்த்த நாங்கள் இருவரும் அதற்கு எழுதிப் போட்டிருந்தோம். திங்கட்கிழமை காலை நேர்காணல். அதற்கு முந்தின சனி, ஞாயிறில் மண்டபம் போய்க் கடலுக்குள் முங்கி, மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னைக் கூப்பிட்டவன் அந்த இன்னொருவன்தான்.

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அவன் கொடைக்கானல் டவுன்காரன். அப்பா, தாத்தா எல்லாம் மிஷன் பள்ளி வாத்தியார்கள். நான் அதே மலையில் வடகவுஞ்சிக் கிராமம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். இந்த வேலை போனால் அவனுக்கு இன்னொரு பள்ளி இருக்கிறது, எனக்கு அப்பாவின் பீன்ஸ் தோட்டம்தான். பிறகு எதற்கு என்னைக் கூப்பிடுகிறான்?

"வீட்டுல உக்காந்து படிச்சுப் படிச்சே பயந்து சாவ. வா மாப்ள" என்றான். வரமாட்டேன் என்றால் பயந்ததாக ஆகிவிடும். பையில் பாடப்புத்தகத்தைத் திணித்துக்கொண்டு போனேன்.

முங்கச் சொல்லித் தருபவர் அவனுக்குப் போனில் பழக்கமானவர். சனிக்கிழமை முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் குழாயைக் கடித்து மூச்சுவிடப் பழக்கினார். ஞாயிறு காலை படகில் ஏறும் முன் அவர்கள் இருவரும் தள்ளி நின்று, என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றது.

"அடுத்து பிளைட் எதுவும் பிடிக்கணுமா?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

"எங்க ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வராதுண்ணே" என்றான் அவன். மூன்று பேரும் சிரித்தோம்.

கீழே தண்ணீர் பச்சையாக, எங்கள் ஊர் மேகமூட்டம் மாதிரி இருந்தது. கை நீட்டும் தூரம் வந்த பிறகுதான் கப்பல் தெரிந்தது. துருப்பிடித்த இரும்பு விலாக்கள், சாய்ந்து கிடந்த பாய்லர், அதன் வயிற்றுக்குள் மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம். ஒரு பெரிய கலவா மீன் வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு ஓட்டைக்குள் நின்றது. ஆனால் நான் அதிகம் பார்த்தது என் காற்று மீட்டரையும் அவன் மீட்டரையும்தான். என் காற்று வெரசாகக் குறைந்தது. அவனுடையது குறையவேயில்லை.

படகில் ஏறியதும், "இது நிசமா மூழ்கினதா, நீங்களே கொண்டாந்து போட்டதா?" என்றேன்.

"கீழ இருக்கையில கப்பல்கிட்டயே கேட்டிருக்கலாம்ல சார்" என்றார் அவர்.

கரையில், வீட்டிலிருந்து கொண்டுபோன மலைப்பூண்டை அவருக்குக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "எந்த ஊருப் பூண்டு?"

"எங்க ஊரு. கொடைக்கானல்."

அவர் முகம் மாறியது. "இவரு திண்டுக்கல்னுல்ல சொன்னாரு!"

வெளியூரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொடைக்கானல் என்று சொல்லிவிட்டால், சீசனுக்கு ரூம் போட்டுத் தரச்சொல்லி ஆளாளுக்கு நச்சரிப்பார்கள்.

"இன்னைக்கு மலை ஏறவே கூடாது. பிளைட்டு, மலை ரெண்டும் ஒண்ணுதான். முங்குனதுல உடம்புக்குள்ள நைட்ரஜன் சேந்திருக்கு. உயரத்துல காத்தழுத்தம் கொறஞ்சா அது குமிழ் குமிழா வெளிய வரும். முட்டிய மடக்கிப் போட்டுரும், மீறுனா காலே வராது. விடிஞ்சு ஏறுங்க. பக்கத்துல நம்ம மச்சான் லாட்ஜ் இருக்கு" என்றார்.

மச்சான் லாட்ஜ் வரைக்கும் நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"நீ வேணா தங்கு மாப்ள" என்றான் அவன். "நான் அடிவாரம் வத்தலக்குண்டு போயிப் பாத்துக்கிறேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் கடற்கரையில் படுத்திருப்பேன், அவன் நேர்காணலில் தனியாக உட்கார்ந்திருப்பான். "நீ போற எடத்துக்குத்தான் நானும்" என்றேன்.

பொழுது சாய வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம். மலைக்குப் போகும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறு" என்றேன்.

"நீ ஏறு."

"நீ ஏறுனா நானும் ஏறுறேன்."

"ஏலே, பொண்ணு பாக்க வந்தவய்ங்க மாதிரி நிக்கிறீங்க? ஏறுறதுன்னா ஏறுங்கப்பா, சோலி கெடக்கு" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது.

"நான் ஏறுனா நீயும் ஏறிருவியேன்னுதான்டா நின்னேன்!" என்று கத்தினான் அவன்.

"அவருகிட்ட தனியா என்ன பேசுன?"

"உனக்கு நீச்சல் தெரியாது, கைய விட்ராதீங்கன்னேன். உன் முன்னாடி சொன்னா படகுல ஏறுவியா?"

தண்ணீருக்குள் அவர் என் பெல்ட்டை விடவேயில்லை என்பது உண்மைதான். ஆனாலும் முழுசாக நம்ப மனம் வரவில்லை.

அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் முட்டியை நான் பார்த்தேன், என் முட்டியை அவன் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலையில் உப்பு காய்ந்திருக்க, பள்ளிக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தோம்.

முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் என் காதருகே குனிந்து, "காத்தழுத்தம் பாடம் நடத்தச் சொல்றாங்க. நேத்து அவரு சொன்ன கதைய அப்படியே சொல்லு. நான் சொல்லல, உனக்குத்தான் விட்டு வச்சிருக்கேன்" என்றான்.

வலை விரிக்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னதையே நானும் சொன்னால் காப்பி அடித்ததாக ஆகாதா? உள்ளே போய்ப் புத்தகத்தில் உள்ளபடி பாதரசக் குழாயை வரைந்து சுத்தமாக நடத்தினேன்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் அதே பாதரசம்தானா சார்?"

வேலை அவனுக்குப் போனது.

சாயங்காலம் ஏரிக்கரையில் கேட்டான்: "அந்தக் கதையச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறமும் எனக்கு ஏன் குடுத்தாங்க?" ஏரிக்குள் ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டு, "இதுல என்னமோ இருக்கு மாப்ள" என்றான்.